படுக்கைக்கு அடியில் பாதிக் கார்

கேரவனைச் சுற்றி மூன்றாவது முறையாக வந்துகொண்டிருந்தார் பிரெண்டா ஹாவர்த். முதல் சுற்று விளக்குகளைப் பார்க்க, இரண்டாவது சக்கரங்களைப் பார்க்க. மூன்றாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆனால் மூன்று சுற்று வராமல் அவர் தம் ஊரான கீத்லியை விட்டுக் கிளம்பியதே இல்லை. அன்று ஏப்ரல் மாதப் புனித வெள்ளி, காலை ஏழரை மணி. காரின் பின்கொக்கியில் அந்தச் சக்கர வீடு மாட்டியாகிவிட்டது. பன்னும் ஃபிளாஸ்க்கும் முன்னால் வந்துவிட்டன.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டபடி இருக்கையில் அமர்ந்தார்.

எல்லாரும் என்றால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் கணவர் க்ளைவ் ஒருவர்தான்.

"நிக்கிறவங்க யாருமில்ல டிரைவர். போலாம்."

இருபத்தொன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் பிரெண்டா. அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும், பள்ளிப் பிள்ளையோ குடித்துவிட்டு வருகிறவரோ, "நன்றி டிரைவர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு நன்றி. ஓய்வு பெற்ற பிறகு, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுப்பதைப் போல எதைப் பார்த்தாலும் நன்றி சொல்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. வழிவிட்ட லாரிக்கு நன்றி. பச்சைக்கு மாறிய சிக்னலுக்கு நன்றி. துணி காயும்வரை பொறுத்துக்கொண்ட மழைக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாகக் காருக்கு. மேடு ஏறி முடித்ததும் ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டி, "நன்றி, கண்ணு" என்பார்.

கார் பதினாறு வயதான டீசல் கார். கரும்பச்சை, நீளமான பின்பக்கம். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதிதான் இறங்கும். க்ளைவின் இருக்கையைச் சூடாக்கும் கம்பிச் சுருள் ஒருமுறை எரியத் தொடங்கி அணைய மறுத்துவிட்டது. ஆகஸ்ட் வெயிலில் அவர், "அடுப்புல வச்ச ரொட்டி மாதிரி இருக்கேன், திருப்பிப் போடு" என்று புலம்புவார். அதைக் கழற்றிவிட பிரெண்டா சம்மதிக்கவில்லை. ஜனவரியில் அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்குமே என்பது அவர் வாதம்.

க்ளைவின் கண்களில் நடுப்பார்வை போய் எட்டு வருடமாகிறது. எதிரே நிற்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைச் சாய்த்து, திருடனைப் போல ஓரக்கண்ணால் பார்ப்பார். வீட்டில் மேசையும் கதவும் அவரை இடித்துக்கொண்டே இருக்கின்றன. கேரவனில் அப்படியில்லை. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில், எல்லாமே ஆணி அடித்தாற்போல இருந்த இடத்தில். அங்கே மட்டும்தான் அவர் யார் துணையும் இல்லாமல் எழுந்து, கெட்டிலை நிரப்பி, அடுப்பைப் பற்றவைத்து இரண்டு கோப்பை டீ போடுவார். அந்த டீக்காகத்தான் பிரெண்டா மாதம் ஒருமுறை கடற்கரைக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறார். கார் நின்றுவிட்டால் அந்த டீயும் நின்றுவிடும். வெளியில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

புனித வெள்ளியன்று, வழியிலிருக்கும் செங்குத்தான கேரோபி மேட்டில் கார் நின்றுவிடப் பார்த்தது. பாதி ஏறியதும் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை உள்ளே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பதினைந்து இருபது கார்கள்.

"என்ன வாடை இது?" என்றார் க்ளைவ்.

"பக்கத்துத் தோட்டத்துல எதையோ கொளுத்துறாங்க."

"பிரெண்டா, எனக்குக் கண்ணுதான் போச்சு. மூக்கு இருக்கு."

எப்படியோ நத்தை மாதிரி ஏறி முடித்தது. மேலே ஓரமாக நிறுத்தி, பின்னால் வந்த எல்லோருக்கும் கையசைத்து நன்றி சொன்னார். அவர்களில் ஒருவர் மட்டும் பதிலுக்கு வேறு மாதிரி கையசைத்தார்.

ஃபைலி அருகே கேரவன் நிறுத்தும் புல்வெளியில் பக்கத்து இடத்துக்காரர் மால்கம், ஹல் நகரத்து ஆள், காத்திருந்தார். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தார்.

"என்ன பிரெண்டா, அந்தப் புகையில நாலு மீனத் தொங்கவிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகுமே?"

"வாய மூடு மால்கம். சார்ஜ் போடுற எடத்துல கேரவனோட நுழைய முடியாம, அதக் கழட்டி நடுவுல விட்டுட்டு, மழையில அதுக்குக் காவல் நின்னவன் நீதானே?"

"நாப்பது நிமிஷம்தான்."

"உன் பொண்டாட்டி ரெண்டு மணி நேரம்னு சொன்னா."

அன்று மாலை க்ளைவ் தம் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்தார். இந்தக் காரை மாற்றலாமா, பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வருடமாகச் சேர்த்த தாள்கள். கம்பளி ஆலையில் சாயக் கலவைக் கணக்குப் பார்த்தவர் அவர். இப்போது தடித்த மையால் ஒரு பக்கத்துக்கு நான்கே வார்த்தை எழுதுவதால் கோப்பு தலையணை அளவுக்குப் பெருத்துவிட்டது. கீத்லி மெக்கானிக் தொலைபேசியில் சொன்னதையும் சேர்த்தார்: கிளட்ச் முடிந்தது, புதிதாகப் போடலாம், ஆனால் வயதான வண்டி, பின்னால் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"ஆயிரத்து நானூறு கிலோ. கேரவன் கதவுலயே எழுதியிருக்கே" என்றார் பிரெண்டா.

"அது மொத்தமா இவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு எழுதினது. ஏத்தினது எவ்வளவு? காரோட எடையில நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல பின்னால கட்டக் கூடாது. பழைய காரோ புதுக் காரோ, நிஜ எடை தெரியாம எதையும் முடிவு பண்ண முடியாது. நாம ஒரு தடவையாவது எடை போட்டிருக்கோமா?"

போட்டதில்லை. பிரெண்டா அவசரமாகப் பன்னைக் கடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மேட்டுப் பாதையைத் தவிர்த்து, மெதுவாகச் சமவெளி வழியாகத் திரும்பினார்கள். வழியில் தானிய வியாபாரி ஒருவரின் முற்றத்தில், டிராக்டர்கள் ஏறும் எடைமேடை இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு பெண் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேரவனை மட்டும் மேடையில் விட்டுக் காரை அப்பால் எடுக்கச் சொன்னாள். எடையைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"இல்லையே."

"ஆயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூறு காட்டுது. நீ சொன்னதவிட நூத்தித் தொண்ணூறு கிலோ அதிகம். உள்ள இருக்கிற மாட்ட இறக்கிவிட்டுட்டு வா, மறுபடி பாக்கலாம்."

இருபத்தொன்பது வருடத்தில், எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் நின்றுகொண்டு வர ஒரு பயணியையும் அனுமதிக்காதவர் பிரெண்டா. கொட்டும் மழையில் நகர சபை உறுப்பினர் ஒருவரையே இறக்கிவிட்டிருக்கிறார். முகம் சிவந்துபோனது. நேராகக் கேரவனுக்குள் ஏறி, க்ளைவின் படுக்கைப் பலகையைத் தூக்கினார்.

கீழே அவருடைய பச்சைக் காரின் பாதி இருந்தது. பழைய போர்வையில் சுற்றிய ஒரு முழு கியர் பெட்டி. எஞ்சின் தலைப்பகுதி. இரண்டு ஆல்டர்னேட்டர், ஒரு ஸ்டார்ட்டர், நான்கு பிரேக் தட்டு, ரேடியேட்டர், சாக்கில் கட்டிய அச்சுத் தண்டுகள். எட்டு வருடமாக யார்க்‌ஷர் முழுக்கக் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி வாங்கிச் சேர்த்தவை. வண்டி நிற்பது வழியில்தானே, வீட்டிலா நிற்கிறது என்று கேரவனிலேயே வைத்துவிட்டார்.

பின்னாலேயே ஏறிவந்த க்ளைவ் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவினார். கியர் பெட்டியில் கை நின்றது.

"இதுக்கு மேலயா நான் தூங்கினேன்?"

"ஆமா."

"முதுகு வலின்னு மூணு மெத்தை மாத்தினோமே பிரெண்டா!"

ஜன்னலில் எட்டிப் பார்த்த பெண் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். க்ளைவும் சிரித்தார். கேரவன் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்போ காருக்கு ஒரு கோளாறும் இல்ல. அதையே அதோட முதுகுல ஏத்தி இழுக்கச் சொல்லியிருக்கோம். இதெல்லாம் இறக்கிட்டு கிளட்ச் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். கோப்ப மூடிடலாம். உனக்குச் சந்தோஷம்தானே?"

பிரெண்டா கியர் பெட்டியின் மேல் போர்வையை இழுத்துவிட்டார். கியர் பெட்டி வாங்கியது, லீட்ஸ் டாக்டர் க்ளைவின் இடக்கண்ணைக் கைவிட்ட வாரம். எஞ்சின் தலை, வலக்கண்ணையும் கைவிட்ட வாரம். அதை அவர் அன்றுதான் சேர்த்துப் பார்த்தார்.

"இல்ல க்ளைவ். மாத்திடலாம்."

"ஏன்? இப்பத்தான் நல்ல கார்னு தெரிஞ்சுதே."

"நல்ல கார்தான். ஆனா நம்புற காருக்கு யாராவது கியர் பெட்டியப் படுக்கைக்கடியில வைப்பாங்களா? நான் எப்பவோ நம்புறத விட்டுட்டேன். சொல்ல மனசு வரல. எங்கயாவது நடு ரோட்டுல நின்னுட்டா, லாரி பறக்குற எடத்துல உன்ன எங்க கொண்டுபோய் நிக்க வைப்பேன்? ஒவ்வொரு தடவையும் கேரோபி ஏறும்போது அதத்தான் நினைப்பேன்."

க்ளைவ் அவர் பக்கமாகக் கழுத்தைச் சாய்த்தார்.

"நிக்க வேணாம். உக்காந்துப்பேன்" என்றார். "கியர் பெட்டி மேல."

ஜூன் மாதம் ஆறு வயதான சாம்பல் நிற டீசல் ஒன்று வீட்டுக்கு வந்தது. கனமான கார், எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பிறகே வாங்கியது. பச்சைக் காருக்குப் புதுக் கிளட்ச் போட்டு, பிக்கரிங் பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஃப்ரேயா என்ற பெண்ணுக்கு விற்றார் பிரெண்டா. ஆகஸ்டில் ஹெதர் என்னும் ஊதாப் புதர் பூக்கும்போது தேன்கூடுகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக அவளுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. கண்ணாடி பாதிதான் இறங்கும், ஒரு இருக்கை எப்போதும் சுடும், பின்பக்கம் துரு என்று ஒன்று விடாமல் பிரெண்டா ஒப்பித்தார்.

"விக்க வந்தீங்களா, விரட்ட வந்தீங்களா?" என்று கேட்டாள் ஃப்ரேயா.

உதிரிகள் அத்தனையையும் அவளுடைய டிரெய்லரில் ஏற்றினார்கள். சாவியைக் கொடுக்குமுன் பிரெண்டா கடைசியாக ஒருமுறை உள்ளே உட்கார்ந்தார். பிறகு கதவைத் திறந்து, பயணியைப் போல இறங்கி, "நன்றி டிரைவர்" என்றார். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

புதுக் கார் எல்லா மேட்டையும் மூச்சு வாங்காமல் ஏறியது. ஃபைலியைத் தாண்டி நார்தம்பர்லாந்து, அதையும் தாண்டி ஸ்காட்லாந்து என்று போனார்கள். அந்தக் காரைப் பற்றிச் சொல்ல பிரெண்டாவிடம் கதை எதுவுமில்லை. அதற்கும் நன்றி என்பார்.

மறு வருடம் செப்டம்பரில், அபர்டீனுக்கு வடக்கே ஒரு கடற்கரையில், க்ளைவ் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பிரெண்டாவின் ஃபோனில் செய்தி வந்தது. ஃப்ரேயா அனுப்பியிருந்தாள். பிரெண்டா சத்தமாகப் படித்தார்:

"இன்னைக்குத்தான் கடைசித் தேன்கூட்ட மேட்டுலேருந்து இறக்கினேன். நல்ல தேன் வருஷம். வண்டி ஒரு நாள் கூட நிக்கல. நீங்க குடுத்ததுல ஒரு நட்டு கூட இன்னும் தொடல. கியர் பெட்டி மேல தேன் ஜாடி அடுக்கி வச்சிருக்கேன். நன்றி சொல்லணும்னு தோணுச்சு."

கூடவே ஒரு படம். ஊதா நிற மேட்டின் நடுவே, சேறு அப்பிய பச்சைக் கார்.

க்ளைவ் இரண்டு கோப்பைகளையும் சிந்தாமல் மேசையில் வைத்து, ஃபோன் பக்கமாகக் கழுத்தைச் சாய்த்தார். "எனக்குப் பச்சையா ஏதோ தெரியுது. நம்ம கார்தானா?"

பிரெண்டா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மேடு போனது, வானம் போனது, கார் போனது. எண் பலகையின் முதல் எழுத்து மட்டும் திரை முழுக்க நின்றது.

"ஒய்" என்று எழுத்தைப் படித்தார் க்ளைவ்.

பிரெண்டா விரலால் படத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, அடுத்த எழுத்தை அவர் ஓரக்கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார்.