அக்கா படித்த படிப்பும் நான் சொன்ன பொய்யும்

திருக்குற்றாலநாதரை வணங்கி, அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு எழுதிக்கொள்வது. இந்த நினைவு மலரின் அட்டையில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று போடாமல் ‘இறந்தார்’ என்று போட்டிருப்பது அச்சகத்தார் தவறல்ல. நான் சொல்லிப் போட்டது.

அக்கா இலத்தூரில் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்போடு தென்காசியில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்குச் சவூதியில் வேலை. லீவு கிடைக்கும்போது வந்து போவார். பாப்பா பிறந்த பிறகுதான் அக்காவுக்குப் படிப்பு ஆசை வந்தது. குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றிய பட்டப்படிப்பு, தபால் வழியில். ஞாயிறுதோறும் பாப்பாவை ஐந்தருவியில் என் சிப்ஸ் கடையில் விட்டுவிட்டு, திருநெல்வேலிக்கு வகுப்புக்குப் போவார். நான் பத்தாவதோடு நின்றவன். கேலி செய்தேன்.

“பிள்ள வளக்கதுக்குமா பரீட்ச எழுதணும்? நம்ம அம்மை எந்தக் காலேஜுக்குப் போனா?”

“அதாம்லே நீ இப்படி இருக்க.”

மூன்றாம் வருடம் மார்பில் கட்டி என்றார்கள். திருவனந்தபுரத்தில் வைத்தியம். அந்தச் சமயத்தில்தான் கடைசி ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். சாவைச் சிறுபிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாயை, தகப்பனை இழந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு, வாசுதேவநல்லூர் வரைக்கும் என் பைக்கில் வந்தார். வேறு தலைப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சாவணும்லே. பாப்பாவுக்கு அஞ்சு வயசு. செத்தவங்க திரும்பி வருவாங்கன்னுதான் இந்த வயசுல நெனைக்கும். அம்மா தூங்குதா, ஊருக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லிராத. செத்துட்டா, இனி வரமாட்டான்னு சொல்லு. சொல்லிட்டுத் தூக்கி வச்சுக்கோ.”

குற்றாலநாதர் சன்னதியில் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தேர்வு முடிவு வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். செல்போனைப் பார்த்து, பாஸ் என்று வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அதிலிருந்து பதினோராம் நாள் இறந்தார்.

வீடு நிறையக் கூட்டம். பாப்பா என் வேட்டியைப் பிடித்து, “அம்மா எங்க மாமா?” என்றாள். “ஊருக்குப் போயிருக்காம்மா” என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம் எல்லோரும் அதையே சொன்னோம். அத்தானும் சொன்னார். பொய் சொன்ன வாயோடுதான் ஒரு வருடமாகச் சன்னதியில் நின்றேன்.

திதிக்காக அத்தான் போன வாரம் லீவில் வந்தார். விமான நிலையத்தில் அவர் பெட்டிகளோடு வெளியே வந்த பிறகும் பாப்பா நகரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போவோமா தாயி?” என்றார் அத்தான்.

“அம்மாவும் வரட்டும்ப்பா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து, அக்கா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். போன வருடமே செத்துவிட்டாள் என்றும் சொன்னேன்.

“எல்லாரும் அழுதீங்களா மாமா?”

“அழுதோம்மா.”

“நான் அழலையே.”

அக்காவுக்குப் பாடம் எழுதிக் கொடுத்த தோழியருக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. ஒரு வேண்டுகோள். இன்றைக்குப் பாப்பா அழுதால் சாக்லேட் கொடுத்து அடக்க வேண்டாம். நமக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு இன்னும் பதினாறு நாள்கூட முடியவில்லை.