பிரகாசின்ரை ஊருக்கு நான் கட்டின கோபுரம்

இண்டைக்கு லண்டன் டூட்டிங் பஸ்ஸிலை பிரகாசைக் கண்டன். பூட்டான்காரன், ஊர் இமயமலை அடிவாரத்துப் பட்டினம் ஒண்டு.

அகதி இண்டர்வியூவிலை ஊரைப் பற்றித்தான் துருவுவினம் எண்டு போன மாதம் நான்தான் அவனைக் கேள்வி கேட்டுப் பழக்கினனான். ஆறு, தோடம்பழச் சந்தை, இந்தியாவுக்குப் போற வாசல் எல்லாம் சரியாச் சொன்னான்.

"மணிக்கூட்டுக் கோபுரம் எங்கை?" எண்டன்.

"இல்லை, அங்கிள்."

"யாழ்ப்பாணத்திலையே இருக்கு! கோபுரமில்லாத பட்டினத்தை ஆர் நம்புவினம்? சந்தைக்கு நடுவிலை ஒண்டைக் கட்டு."

பகிடிதான் விட்டனான். அவன் இண்டர்வியூவிலை போய் அப்பிடியே சொல்லிப்போட்டான்.

இண்டைக்கு, இண்டர்வியூ எடுத்தவை அனுப்பின கடிதத்தைக் காட்டினான். அந்த ஊரிலை கோபுரமே இல்லையாம். அதாலை அவன் அந்த ஊர் ஆளில்லையாம். திருப்பி அனுப்பப்போகினமாம்.

"மற்றதெல்லாம் உண்மை, அங்கிள்" எண்டான்.



என்னை ஏசிறவை வரிசையிலை நில்லுங்கோ. நல்ல லோயரைத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் முன்னுக்கு வாங்கோ.