கழுத்தைத் திருப்பப் பயந்த நாட்கள்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். இந்த வேலையை வாயால் மட்டும் பார்க்க முடியாது; செய்து காட்ட வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மெத்தையில் உருண்டு எழுந்தேன். நான் நின்றுவிட்டேன், மைதானம் நிற்கவில்லை. வேப்பமரமும் கொடிக்கம்பமும் என்னைச் சுற்றி ஓடின. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது மின்விசிறியோடு சேர்ந்து கூரையும் சுழன்றது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு குடித்தேன். சுக்குக் கஷாயமும் குடித்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு சந்தேகம். "என்ன மதினி, தல சுத்துது சுத்துதுங்கீய, எதும் விசேஷமா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். என் மகன் கல்லூரியில் படிக்கிறான். "ஆமா, தொட்டில் வாங்கத்தான் போய்க்கிட்டிருக்கேன்" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் போன பிறகு அழுகை வந்தது. மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்திருந்தேன். கட்டி இல்லாவிட்டாலும், நிற்கத் தெரியாதவளை மைதானத்தில் யார் விட்டுவைப்பார்கள்? நூலகத்தில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

அதற்குள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டிருந்தேன். தலையை அசைக்காமல் வைத்திருந்தால் சுற்றல் வராது. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் கதவு மாதிரி திருப்பினேன். ஸ்கூட்டரைத் தொடவில்லை, கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அவர் விசைத்தறி வைத்திருக்கிறார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மருந்துக் கடையில மாத்திர வாங்கித் தின்னா சரிவராது. நாளைக்கித் திருநெல்வேலிக்குப் போவோம். தறி ஒருநாள் ஓடாட்டா ஒண்ணுங் கெட்டுப்போவாது" என்றார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைவிட இளைய பெண். கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். அறை தட்டாமாலை சுற்றியது. அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"பயப்படாதீங்கம்மா. மூளையில ஒண்ணுமில்ல. காதுலதான்."

நோயின் பெயர் பி.பி.பி.வி. (தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும், உயிருக்கு ஆபத்தில்லாத தலைச்சுற்று). உள்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம். அவை இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்து, சமநிலையை உணரும் குழாய்க்குள் போய்விட்டால், அசையாத உடம்பும் சுற்றுவதாக மூளை நம்பிவிடுமாம். இதற்கு எப்ளி முறை (தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவது) போதும் என்றார்.

வரிசையாகத் திரும்புவது என்றதும் எனக்குள் இருந்த டிரில் டீச்சர் விழித்துக்கொண்டாள். மனதுக்குள் எண்ணி, அவர் சொல்வதற்கு முன்பே அடுத்த பக்கம் திரும்பிவிட்டேன். "டீச்சர், இங்க கமாண்ட் நான்தான் குடுப்பேன்" என்றார் மருத்துவர். ஓரமாக நின்ற என் கணவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து ஆசை தீர அழுதேன். அத்தனையும் நிம்மதி.

இதைப் படிக்கும் உங்களுக்கும் தலை சுற்றினால், இதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, தாங்க முடியாத தலைவலி சேர்ந்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நான் தள்ளிப்போட்டது தவறு.

அடுத்த முறை போனபோது, துகள்கள் இடம் சேர்ந்துவிட்டன, சுற்றல் இல்லை என்றார் மருத்துவர். "இனிமே தலைய நல்லா அசைங்க. பொத்திப் பொத்தி வச்சா பயம் போகாது." தலையாட்டச் சொன்னவருக்கு வாயால் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். என் கழுத்து அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. நோய் போய்விட்டது, நான் மட்டும் கதவு மாதிரியே திரும்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டு விழாவின் அணிவகுப்புக்கும் அப்படியே பயிற்சி கொடுத்தேன்.

ஒத்திகை நாளில், விருந்தினர் இடத்தில் தலைமையாசிரியை மேடையில் நின்றார். அணி நெருங்கியதும் நான் குரல் கொடுத்தேன்: "வலப்பக்கம் பார்!" முகம் மட்டும் மேடைப் பக்கம் திரும்ப வேண்டும், நடை நேராகப் போக வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்போடு திரும்பினார்கள். நடை கோணியது. பின்வரிசை முன்வரிசையின் குதிகாலை மிதித்தது.

"என்ன டீச்சர், எல்லாத்துக்கும் ஒண்ணுபோல கழுத்துப் பிடிச்சுக்கிட்டா?" என்றார் தலைமையாசிரியை.

அணித்தலைவி முத்துச்செல்வியைக் கூப்பிட்டேன். "ஏட்டி, கழுத்த மட்டும் திருப்பத் தெரியாதா?"

"நீங்க அப்படித்தான டீச்சர் செஞ்சு காட்டுனீய?"

வெட்கத்தில் காது சூடானது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த என் பயம், சீருடை போட்டு, கைவீசி, மைதானத்தில் அணியாக நடந்துகொண்டிருந்தது. நான் கற்றுக்கொடுத்ததை நான்தான் மாற்ற முடியும். பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இப்பப் பாருங்க."

தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பினேன். மேடை ஓடப்போகிறது என்று காத்திருந்தேன். ஓடவில்லை. தலைமையாசிரியை இடுப்பில் கை வைத்தபடி, நின்ற இடத்திலேயே நின்றார். "நேர் பார்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். மறுபடியும் செய்தேன். வேண்டுமென்றே வேகமாகச் செய்தேன். பிள்ளைகளின் கழுத்துகளும் கூடவே திரும்பின.

முன்பெல்லாம் அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்து ஓடுவேன். நிற்பதை ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை. காதுக்குள் இருக்கும் தூசு போன்ற ஒன்று தன் இடத்தில் இருப்பதால்தான் நான் நிற்கிறேன் என்று இப்போது தெரியும். அதனால் விழித்ததும் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து, நிதானமாக வலமும் இடமும் பார்க்கிறேன். அந்தச் சிறு நேரம் எனக்கு மட்டுமானது.

ஒருநாள் கணவர் காபியோடு வந்து நின்று கேட்டார்: "ஏட்டி, காலங்காத்தால யாரத் தேடுத?"

"யாரையும் தேடலங்க. எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கான்னு பாக்கேன்."