திரும்பி வருவதற்கு அத்தாட்சி

என் ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது, அம்மாவும் நீங்களும் வந்து கூட இருங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். சரி, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். எந்த விசாவில் போவது என்பதில்தான் இழுபறி.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சும்மா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கானது. போய் இறங்கினால் ஆறு மாதம் இருக்கலாம். இன்னொன்று, பிள்ளைகள் அங்கே குடியேறிவிட்ட பெற்றோருக்கானது. அதில் ஒரே தடவையில் ஐந்து வருடம்வரைகூட இருக்கலாமாம். மகன் ஐந்து வருடம் என்றான். நான் ஆறு மாதம் என்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இதே பாட்டு.

"ஏனுங்கப்பா, ரிட்டயர்டு ஆயிட்டீங்க. அங்க உக்காந்து என்னங்க பண்றீங்க?" என்பான்.

எனக்குச் சுருக்கென்று இருக்கும். முப்பத்து நான்கு வருடம் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். எருமப்பட்டிப் பக்கம் யார் வீட்டு மாடு எப்போது கன்று போடும் என்பது எனக்கு அத்துபடி. இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் காலையில் எழுந்தால் என் வாசல், என் கிணறு, என் பதினேழு தென்னை. அதையெல்லாம் விட்டுவிட்டு ஐந்து வருடம் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இதை மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

மனைவியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் "நீங்க பாத்துச் செய்யுங்க" என்பாள். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதமே போதும் என்று நானாக முடிவு செய்து, சேலத்தில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். மாடி ஏறுவதற்குள் அவளுக்கு முட்டி வலி. எனக்கு மூச்சு வாங்கியது. மாட்டுக்கு வயது தெரிய வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் போதும். மனிதனுக்கு ஒரு பை நிறையக் காகிதம் வேண்டியிருக்கிறது. பென்ஷன் புத்தகம், ஆதார், பேங்க் கணக்கு, நிலத்துச் சிட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன்.

அங்கிருந்த பெண் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சிட்டாவை இரண்டு தடவை பார்த்தாள்.

"சார், இது உங்க பேர்ல இல்லீங்களே."

"பையன் பேர்ல இருக்குதும்மா. அதுக்கென்ன?"

"வீட்டு வரியும் அவர் பேர்லதான் வருது. உங்க பேர்ல வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

"பென்ஷன் இருக்குது."

"பென்ஷன் நீங்க எங்க இருந்தாலும் பேங்க்ல ஏறிரும் சார். ஆறு மாச விசாவுக்கு முக்கியமா ஒண்ணு கேப்பாங்க. இவங்க கண்டிப்பா ஊருக்குத் திரும்பி வருவாங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு. வீடு பையன் பேர்ல, நிலம் பையன் பேர்ல. பையன் அங்க இருக்கார். எதை வெச்சு நாம காட்டறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாப்பது வருசமா குடியிருக்கேன், ஊரே சொல்லும்" என்று கத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். பெற்றோர் விசாவிலும் இதைப் பார்ப்பார்கள்தான், ஆனால் அதில் மகனின் சம்பளமும் அழைப்புக் கடிதமும் இன்சூரன்ஸும் முன்னால் நிற்கும், அதுதான் எங்களுக்குத் தோது என்றாள்.

தப்பு அவள்மேல் இல்லை. மகனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை பேரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். எங்கள் பக்கம் அது வழக்கமான கேள்விதான். ஒரே பையன், இன்றைக்கு எழுதினால் என்ன, நான் போன பிறகு போய்ச் சேர்ந்தால் என்ன என்று வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்துத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு ஆயுள்வரைக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று பத்திரம் எழுதியவர் சொன்னார். பெற்ற பிள்ளையிடம் அதெல்லாம் எதற்கு என்று பெருமையாக மறுத்தவன் நான்தான். ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

தோட்டத்தில் இரண்டு ஏக்கரையாவது என் பேருக்குத் திருப்பி எழுதச் சொல்லி மகனிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். எந்த வாயால் கேட்பது? ஆறு மாதத்தில் உன்னை விட்டு வந்துவிட வேண்டும், அதற்காக எழுதிக் கொடு என்றா?

நாமக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ராசிபுரம் வந்ததும் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எதுக்கு இப்படி மனசப் போட்டு ஒழப்பிக்கறீங்க? அஞ்சு வருசத்துக்கே எழுதிக் குடுத்துருங்க."

"நம்ம ஊட்ட விட்டுட்டா?"

"நம்ம ஊடு எங்கிங்க இருக்குது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இங்க இருந்தாலும் அவன் ஊடு. அங்க போனாலும் அவன் ஊடு. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுது. எனக்கு எப்பவுமே இப்படித்தானுங்க. ஜலகண்டாபுரத்துல எங்கப்பா ஊடு. இங்க வந்தா உங்க ஊடு. அப்பறம் பையன் ஊடு. எம்பேர்ல என்ன இருக்குதுன்னு அந்தப் புள்ள என்னையக் கேக்கவே இல்ல, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் கேட்டதெல்லாம் என்னிடம்தான். பத்திரம் பதிந்த அன்றும் இவள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை இப்போது நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"உனக்கு அங்க இருக்கோணும்னு ஆசையா?" என்று கேட்டேன்.

"பேத்தி பக்கத்துல படுத்துக் கத கேக்கோணும்ங்கறா. ரெண்டு வருசமா போன்லயே சொல்லிட்டிருக்கேன். அது தொட்டுப் பேசற மாதிரி ஆகுமுங்களா? எனக்கு அஞ்சு வருசம் வேணுமுங்க. முடிஞ்சா அதுக்கு மேலயும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை சேலத்துக்குப் போன் போட்டு, பெற்றோர் விசாவையே பார்த்துவிடுங்கள் என்றேன். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். நேற்று அத்தனை சத்தம் போட்டீர்களே, இன்றைக்கு எப்படி மனசு மாறியது என்று கேட்டாள்.

"எங்க ஊட்ல முடிவு பண்ணீட்டாங்க" என்றேன். கல்யாணம் ஆகி முப்பத்தொன்பது வருடத்தில் அவள் முடிவு பண்ணினாள் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.