மேடை ஓரத்தில் ஒரு இடது கை

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். சாட்சிக்கு என் மனைவி இருக்கிறாள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் இல்லை அவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது. இந்த ஒன்றை மட்டும் அவளால் மறுக்க முடியாது.

பகலில் நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். சனி, ஞாயிறு என்றால் மேடைக் கச்சேரியில் பேஸ் கிட்டார், அதாவது தடித்த கம்பியில் தும் தும் என்று அடிநாதம் போடுகிற கிட்டார். சொந்தமாக ஒரு குழு கிடையாது. எங்காவது பேஸ் ஆளுக்குக் காய்ச்சல், பல்வலி என்றால் எனக்குப் போன் வரும். ஓட்டையை அடைக்கப் போவேன். பேஸ் என்பது சமையலில் உப்பு மாதிரி. சரியாக இருந்தால் ஒருத்தரும் பேச மாட்டார்கள். குறைந்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள். அது கூடப் பரவாயில்லை. "இவர்தான் எங்க பேஸ் ஆளு" என்று ஒரு குழுவாவது சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காகப் பல வருடம் நாயாக அலைந்திருக்கிறேன்.

அந்த வாய்ப்பு என் மச்சினன் வழியாக வந்தது. அவன் டிரம்மர். பெயர் எடுத்த ஒரு குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தான்.

"மாமா, எங்க பேஸ் ஆளு திடீர்னு நின்னுட்டாரு. சனிக்கிழமை ஒரு கம்பெனி விழா இருக்கு. மாஸ்டருக்குப் பிடிச்சிருந்தா உங்களையே நிரந்தரமா வெச்சுக்குவாரு. பதினெட்டு பாட்டு. எல்லாம் தெரியும்ல?"

"தெரியாம என்னடா? எல்லாம் தெரியும்."

ஆறு தெரியும்.

சிரிக்காதீர்கள். என்னைப் போல மாற்று ஆளாகப் போகிறவர்களுக்கென்று ஒரு வித்தை இருக்கிறது. பாட்டு தெரியவில்லையா? கிட்டார்காரரின் இடது கையைப் பார்க்க வேண்டும். அவர் விரல் எந்தச் சுரத்துக்கு மாறுகிறதோ, அங்கே நாமும் தாவிவிட வேண்டும். ஒரு நூலிழை பிந்தும். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. இப்படியே எத்தனையோ மேடையை ஓட்டியிருக்கிறேன்.

அன்று ஆறரைக்கு ஆரம்பம். பெரிய ஹால். மேடையில் இடதுபக்கம் மாஸ்டர், கீபோர்டோடு. குழு அவருடையது. நடுவில் மச்சினன். அவன் பக்கத்தில் நான். கிட்டார்காரர் மேடையின் முன்விளிம்பில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து பார்த்தால் அவர் சட்டைதான் தெரிந்தது. கை தெரியவில்லை.

கண்ணால் மேடை முழுக்கத் துழாவினேன்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். வலது ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் இன்னொரு கிட்டார்காரர். அந்த மூலையில் விளக்கு எரியவில்லை. முகம் இருட்டில் இருந்தது. கிட்டாரின் கழுத்தும் இடது கையும் மட்டும் வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒல்லியான கை. மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை.

அப்பாடா என்றிருந்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

முதல் பாட்டு. தெரியாத பாட்டு. அந்தக் கையையே பார்த்து வாசித்தேன். வெண்ணெய் மாதிரி போனது. மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

மூன்றாவது பாட்டில் ஒன்று உறைத்தது. அவர் கிட்டாரிலிருந்து ஒயர் எதுவும் போகவில்லை. சரி, ஒயர் இல்லாத வகையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது பாட்டில் பாடகி தவறு செய்தாள். இரண்டாவது சரணத்தை மறந்து, நேராகப் பல்லவிக்குத் தாவிவிட்டாள். எல்லோரும் தடுமாறினார்கள். மச்சினன் ஒரு அடியைத் தவறவிட்டான். நான் மட்டும் சரியாகப் பல்லவியில் இருந்தேன். ஏனென்றால் அந்தக் கை அங்கே இருந்தது.

அவள் தவறு செய்வதற்கு முன்பே அங்கே போயிருந்தது...

இடைவேளை விட்டார்கள். "ஓரத்துல வாசிக்கிறாரே, அவரு யாரு?" என்று மச்சினனைக் கேட்க வாயெடுத்தேன். "அவரை ஏன் மாமா பாக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். பக்கத்திலேயே மாஸ்டர் நிற்கிறார். வாயை மூடிக்கொண்டேன்.

சும்மா நடப்பது போல அந்த மூலைக்குப் போனேன். நாற்காலி இருந்தது. அதன்மேல் மேசை விரிப்புகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. என் மார்பு உயரத்துக்கு. மேலே தூசி, யாரும் தொடாத தூசி.

யாரும் உட்கார முடியாது அதில்.

வேறு நாற்காலியாக இருக்கும், எடுத்துப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு மறுபடி மேடை ஏறினோம். முதல் பாட்டு எனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தது தெரியாத பாட்டு. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். நான்கே அடியில் வழி தவறிவிட்டது. கர்ண கொடூரமாக ஒரு சத்தம். மாஸ்டர் முறைத்தார்.

நிரந்தர இடம் கையை விட்டுப் போகிறது. வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் பார்த்தேன்.

அந்தக் கை மூலையில் இல்லை.

என் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பத்தடி கூட இல்லை. அதே வெள்ளைச் சட்டைக் கை. விரல்கள் அழுத்துகின்றன, மாறுகின்றன, அழுத்துகின்றன. இப்போது வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

அந்தக் கிட்டாரில் கம்பியே இல்லை.

ஓடியிருக்க வேண்டும். எனக்கும் தெரிகிறது. ஆனால் நான் வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும் அது நெருங்கியது.

மச்சினனின் சிம்பல் தட்டுக்குப் பக்கத்தில்...

என் தோளுக்குப் பின்னால்...

கடைசிப் பாட்டு. விளக்குகளைக் குறைத்தார்கள். தேடினேன். எங்கும் காணோம்.

குனிந்தேன்.

என் பேஸின் கழுத்தில் இரண்டு கைகள் இருந்தன.

ஒன்று என்னுடையது. மற்றது அதன்மேல். ஐஸ். எலும்பு வரை ஐஸ்.

கையை உதறி எடுத்தேன். வலது கையையும் எடுத்துவிட்டேன்.

தும்... தும்... தும்...

சத்தம் நிற்கவில்லை.

நான் எதையும் தொடவில்லை. பாட்டு முடியும் வரை என் பேஸ் வாசித்தது. அருமையாக வாசித்தது. நான் பிறந்ததிலிருந்து அப்படி வாசித்ததில்லை.

கைதட்டல். விளக்குகள் எரிந்தன. மாஸ்டர் வந்து என் தோளைத் தட்டினார்.

"கலக்கிட்டீங்க தம்பி. இனிமே நீங்கதான் எங்க பேஸ் ஆளு. நாளைக்குச் சாயங்காலம் ப்ராக்டிஸ், என் வீட்டு மாடியில. வந்துடுங்க."

இத்தனை வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. தலையை மட்டும் ஆட்டினேன்.

காரில் வரும்போது மச்சினனைக் கேட்டேன். "உங்க குழுவுல எத்தனை கிட்டார்டா?"

"ஒண்ணுதான் மாமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தூங்காம கண்டதையும் பாத்திருப்பீங்க" என்றாள். மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. பேஸ் உறையோடு பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. ப்ராக்டிஸுக்குப் போகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உடம்பு தேறியதும் மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். அழுகை அழுகையாக வந்தது. இனி இப்படி ஒரு இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

சாயங்காலம் ஐந்தே முக்கால். மனைவி என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. மச்சினன். அவள் கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மாமாவுக்கு என்ன ஆச்சு?" அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"காய்ச்சல்டா."

"அப்புறம் எதுக்குக்கா ப்ராக்டிஸுக்கு அனுப்புன? வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. மூலையில உக்காந்து வாசிச்சுக்கிட்டே இருக்காரு. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

மனைவி திரும்பி என்னையே பார்த்தாள். துணி அவள் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது.

போனுக்குள், அவன் குரலுக்குப் பின்னால்...

தும்... தும்... தும்...

எனக்குத் தெரியாத பாட்டு.

"டேய்," என்றேன். "நான் இங்க இருக்கேன்டா."

அவ்வளவுதான். அவன் மாடிப்படியில் தடதடவென்று ஓடுவது கேட்டது. டிரம்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். இன்றுவரை எடுக்கப் போகவில்லை.

மாஸ்டருக்கு நான் ஒரே ஒரு தடவை போன் செய்தேன். "என் பேரைச் சொல்லி விளையாடுறது யாருய்யா? அவரு என் எதிர்லதான் உக்காந்திருக்காரு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது. அது என் இடம் அல்லவா?

அந்தக் குழு இன்னும் சனிக்கிழமை தவறாமல் மேடை ஏறுகிறது. டிரம்ஸுக்கு வேறு ஆள் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். பேஸுக்கு யாரையும் தேடவில்லை.