கப்பம் கட்டாத கிழவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த வேதசிரோமணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி நாலு தாலுகாவில் தேடினாலும் கிடைக்கமாட்டார். எதிரே போலீஸ்காரர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அவர் கண்ணுக்கு மறையும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார். சந்தை நாளில் வழியில் மாடு நிற்கிறது என்று இரண்டு தெரு சுற்றிப் போவார். மனைவி செல்லத்தாய் சற்றுப் பலமாக இருமினால்கூட, தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பார்.

வகுப்பில் மட்டும் ஆளே வேறு. ஆதி இங்கிலீஷ்காரர்களின் வீரப்பாட்டை எடுத்தாரானால் மேஜை ஆடும். அதிலும் ஒரு கிழட்டுத் தலைவரின் கதை என்றால் உயிர். கடல் கடந்து கப்பலில் வந்த அந்நியர்கள், "கப்பம் கட்டு, விட்டுவிடுகிறோம்" என்கிறார்கள். கிழவரோ, "நான் செத்த பிறகு என் மடியைத் தடவி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, சண்டை போட்டுச் சாகிறார். அந்த இடத்தில் வாத்தியார் வருஷா வருஷம் அழுவார். பையன்கள் வருஷா வருஷம் சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் யுத்த நிதி திரட்ட வந்த அதிகாரி ஒருவர் ராஜபாளையத்தில் கூட்டம் போட்டார். இங்கிலீஷ்காரர்களின் வீரத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேடினார்கள். வாயில்லாப்பூச்சியான ராஜவிசுவாசி இவரைவிட யார்? மேடையேற்றிவிட்டார்கள்.

தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தவர், கிழவர் வந்ததும் தன்னை மறந்தார். "கடல் தாண்டி வந்தவனுக்கு நாம எதுக்குக் கப்பம் கட்டணும்?" என்று கிழவராகவே நின்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது பாருங்கள், பந்தல் பிய்ந்து விழாதது ஆச்சரியம். தளவாய்புரத்து நெசவாளி சங்கையா மேடையேறி, அதிகாரிக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்து இவர் கழுத்தில் போட்டார்.

"எம்புட்டுத் தைரியம் வாத்தியாரய்யா ஒங்களுக்கு. போலீஸை முன்னால வச்சுக்கிட்டே சொல்லிட்டியளே."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் வேதசிரோமணி. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கேட்ட பிறகுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன கதையைச் சங்கையா ஒரே தரம் கேட்டுப் புரிந்துகொண்டுவிட்டார்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"அவிய என்ன எழுதச் சொன்னாலும் எழுதிக் குடுத்துட்டு வாங்க. இந்த வேலை போச்சுன்னா நமக்கு வேற நாதியில்ல" என்று செல்லத்தாய் சொல்லி அனுப்பினாள். அவர் தலையாட்டினார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்; பயம் எல்லோருக்கும் அளவாகப் படியளக்கப்பட்டிருந்தது.

"நீர் இங்கிலீஷ்காரன் கதையத்தான் சொன்னீர், எனக்குத் தெரியும். மேல இருக்கிறவங்களுக்குத் தெரியணுமே. ரெண்டு வரி எழுதும், விட்டுடறேன். மன்னிப்புன்னு ஒரு வரி. கப்பம் கட்டாம அந்தக் கிழவன் செஞ்சது தப்புன்னு ஒரு வரி."

முதல் வரியை வாத்தியார் முத்து முத்தாக எழுதினார். தேவைக்கு மேலேயே மன்னிப்புக் கேட்டார். அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. வேட்டி வியர்வையில் நனைந்தது. பயம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"எம்மேல என்ன வேணும்னாலும் எழுதுதேன் சார். முட்டாள்னு எழுதுதேன். அவிய செஞ்சது தப்புன்னு எழுத மட்டும் ஏலாது."

"செத்து ஆயிரம் வருஷமான வெள்ளைக்காரன்யா அவன்."

"ஆமா சார்."

"வேலை போயிரும்."

"ஆமா சார்" என்று எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

போய்விட்டது. இங்கிலீஷ்காரர்களின் வீரத்தை நம்பியதற்காக இங்கிலீஷ்காரர் ராஜ்யத்தில் வேலை இழந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

வீட்டில் செல்லத்தாய் கத்தவில்லை. அழவும் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தக் கிழவரு ஒங்களுக்கு என்ன ஒறவு?" என்று மட்டும் கேட்டாள்.

வாத்தியார் யோசித்துச் சொன்னார்: "இம்புட்டு வருஷமும் எனக்குப் பதிலா தைரியமா இருந்தது அவியதான்."