நான் மாற்றி எழுதிய வாக்கியம்

நான் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறியதிலிருந்து, மாதம் ஒருமுறை முசிறியிலிருந்து பஸ் ஏறி ஒருவர் என்னைப் பார்க்க வருகிறார். உளவு அமைப்பு ஒன்றின் தலைமை அலுவலகத்தில் அறிக்கைகளைச் சுருக்கி மேலே அனுப்புவது என் வேலையாக இருந்தது. அவர் அதே அமைப்புக்காக எல்லையோர ஊரில் தகவல் திரட்டியவர். வயதில் மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே.

எங்கள் அலுவலகத்தில் எச்சரிக்கை பொய்த்துப்போனால் சிரிப்பார்கள். குண்டு வெடிக்கும் என்று சொல்லி ஒருமுறை தவறிய அதிகாரியை, ஓய்வு பெறும்வரை கேன்டீனில் 'இன்று குண்டு எத்தனை மணிக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் விட்டதற்காக யாரும் கேலிக்கு ஆளானதில்லை. இதைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன்.

ஒரு நாள் எல்லையிலிருந்து அந்த முசிறிக்காரரின் அறிக்கை வந்தது: 'இந்த வாரத்துக்குள் தீவிரவாதிகள் காவல் முகாமைத் தாக்குவார்கள்.' நான் அதை 'இந்த வாரத்துக்குள் தாக்கக்கூடும் என உறுதிப்படாத தகவல்' என்று மாற்றினேன். என் மேலதிகாரி 'இந்த வாரத்துக்குள்' என்பதை எடுத்தார். அவருக்கும் மேலே இருந்தவர் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார். யாரும் பொய் சொல்லவில்லை. நான்காம் நாள் முகாம் தாக்கப்பட்டது. மூன்று காவலர்கள் இறந்தார்கள்.

விசாரணை வந்தபோது, களத்திலிருந்து தெளிவான தகவல் வரவில்லை என்றே அலுவலகம் சொன்னது. நான் வாய் திறக்கவில்லை. அப்போது முசிறிக்காரர் போன் செய்தார்.

"நான் அனுப்புனதோட நகல் என்கிட்ட இருக்கு சார். கொடுத்தா நான் தப்பிச்சுருவேன், நீங்க மாட்டிப்பீங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன்."

"உங்களுக்குக் கோபமே இல்லையா?"

"இருக்கு சார். செத்தவங்கள நெனச்சா தூக்கம் வரல. ஆனா உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் மாத்தியிருப்பேன். அங்க எல்லாருமே அப்படித்தான் மாத்துறாங்கங்கறத உள்ள இருக்கறவங்க சொன்னாத்தான் எடுபடும்."

வியாழக்கிழமை விசாரணைக் குழுவின் முன் எல்லா வரைவுகளையும் வைத்தேன். என் பதவி உயர்வு போயிற்று. மேலதிகாரி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஆனால் முசிறிக்காரர்மேல் விழ இருந்த பழி நீங்கியது. களத்து அறிக்கையின் வாசகம் மாறாமல் மேலே போக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அலுவலகம் முழுக்கத் திருந்தியதாகச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் முசிறிக்காரரின் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போனோம். இத்தனை வருடமாகச் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா, நான் பேசாமலே இருந்திருப்பேன். என்னைக் காப்பாத்துனது நீங்கதான்."

"தெரியும் சார். அதான் பண்ணேன்" என்றவர், இரண்டு புடவைகளை என் கையில் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்.